மண் உட்கார்ந்த நாற்காலி

கஞ்சிக்கோட்டுக் கல்லூரி ஒன்றில் செல்வப்பிரியா ஒன்பது வருடமாக ஐரோப்பிய வரலாறு நடத்துகிறாள். ஒவ்வொரு நவம்பரிலும், கணவாய்க் காற்று ஜன்னல் கதவுகளைப் போட்டு அடிக்கத் தொடங்குகிற வாரத்தில், ரோமாபுரியில் ஒரு பிணத்தை விசாரித்த கதை பாடத்தில் வந்துவிடும். அதை அவள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

கி.பி. 897. போப் ஃபார்மோசஸ் இறந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது. அப்போதைய போப் ஸ்டீபன் கல்லறையைத் தோண்டச் சொன்னார். பிணத்துக்கு அங்கி உடுத்தி ஆசனத்தில் உட்கார வைத்தார்கள். பிணம் பேசாதல்லவா, அதனால் அதன் பக்கத்தில் ஓர் இளம் டீக்கனை, அதாவது குருவுக்குக் கீழ்ப்பட்ட திருச்சபை ஊழியனை, நிறுத்தி அவன் வாயால் பதில் சொல்ல வைத்தார்கள். பதவிக்கு வந்த வழி தவறு என்று தீர்ப்பு. ஆசி வழங்கிய வலக்கையின் மூன்று விரல்களை வெட்டினார்கள். அவர் பட்டம் கொடுத்த குருமார்கள் யாரும் குருமார்கள் இல்லை என்றார்கள். கடைசியில் உடலை டைபர் நதியில் எறிந்தார்கள்.

"செத்துப்போன ஆளை விசாரிச்சு என்ன பிரயோஜனம் மிஸ்?" என்று பின் வரிசையிலிருந்து ஜிதின் கேட்டான்.

"முடிசூட்டற உரிமை திருச்சபை கையில இருந்தது. திருச்சபைத் தலைவரை உக்கார வைக்கறது வாள் வெச்சிருந்த குடும்பங்க கையில இருந்தது. ஃபார்மோசஸ் முடிசூட்டின ராஜாவை ஒரு குடும்பத்துக்குப் பிடிக்கல. ராஜா செல்லாதுன்னு சொல்லணும்னா, முடியை எடுத்து வெச்ச கையே செல்லாதுன்னு ஆக்கணும் இல்லையா?"

வகுப்பு சிரித்தது. வருடா வருடம் சிரிக்கிற இடம் அது.

அன்று மாலை எலப்புள்ளி பஸ்ஸிலிருந்து இறங்கி, தன் ஊரான நொச்சிப்பதிக்குள் நடந்து வீட்டுக்கு வந்தபோது வாசலில் மோகனசுந்தரத்தின் ஜீப் நின்றது. மோகனசுந்தரம் அவளுடைய சித்தப்பா மகன். அவளுடைய அப்பா காளிச்சாமி இருபத்திரண்டு வருடம் மாகாளியம்மன் கோயில் தர்மகர்த்தா. அதில் பாதிக் காலம் பஞ்சாயத்து மெம்பரும் அவர்தான். அம்மன் பெயரைச் சொல்லி ஓட்டு வாங்குவார், ஓட்டு வாங்கின தெம்பில் அம்மனுக்குத் திருவிழா எடுப்பார். பிப்ரவரியில் அவர் போய்ச் சேர்ந்ததும் கோயில் சாவி மோகனசுந்தரத்தின் இடுப்புக்கு வந்தது. டிசம்பரில் எலெக்‌ஷன். வார்டும் வேண்டும் அவனுக்கு.

குறுக்கே நின்றது சிவப்பிரகாஷ். அவனும் பங்காளி வகையறாதான். இடுக்கியிலிருந்து கம்பெனி வேலைக்கு வந்த சோனா என்ற கிறிஸ்தவப் பெண்ணை விரும்பினான். ஊரே முறுக்கிக்கொண்டு நின்றபோது, காளிச்சாமி தானே முன்னால் நின்று அம்மன் சன்னதியில் தாலி எடுத்துக் கொடுத்தார். ஏன் செய்தார் என்று அவருடைய வீட்டுக்காரி சுப்பாத்தாளைத் தவிர யாருக்கும் புரியவில்லை. இப்போது சிவப்பிரகாஷும் அதே வார்டில் நிற்கிறான். ஊரில் பாதிப் பேர் அவன் பக்கம்.

"அம்மிணி, வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுதுக்குக் கோயில்ல கூட்டமுங்" என்றான் மோகனசுந்தரம். சுப்பாத்தாள் கொடுத்த காபி அவன் பக்கத்தில் ஆறிக்கொண்டிருந்தது. "பெரியப்பன் பண்ணுன காரியத்தையெல்லாம் அம்மன் முன்னால வெச்சுக் கேக்கப் போறோம்."

"செத்தவங்களை எப்படீங்கண்ணா கேக்கறது?"

"பூசாரிக்கு அருள் வந்து சொல்லிப்போட்டார். அவரை அடக்கம் பண்ணுன எடத்துல மண்ணெடுத்து, அவரு வேட்டியில கட்டி, அவரு நாக்காலியிலயே வெக்கோணும். ரத்த சம்பந்தம் ஒருத்தர் பக்கத்துல நின்னு பதில் சொல்லோணும். ஆம்பளப் புள்ள இல்ல. நீதான் நிக்கோணும்."

செல்வப்பிரியா பிப்ரவரியிலிருந்து விரல் விட்டு எண்ணினாள். ஒன்பது மாதம்.

"அண்ணா, இது வேண்டாமுங்க. ரோமாபுரியில இதே மாதிரி நடந்திருக்குது. செத்த போப்பை உக்கார வெச்சு..."

"உன்ற காலேஜுப் பாடமெல்லாம் இங்க எதுக்கு?" அவன் கோபப்படவில்லை, குழந்தையிடம் பேசுகிற மாதிரிப் பேசினான். "கேக்கறதுக்கு ‘ஆமா’ன்னு மட்டும் சொல்லு கண்ணு. அஞ்சு நிமிசம். கல்யாணம் செல்லாதுன்னு ஆயிரும். கோயில்ல செல்லாத குடும்பத்துக்கு ஆரு ஓட்டுப் போடுவா?"

அவன் போனபின் அவள் அம்மாவிடம், "நான் போக மாட்டேன்" என்றாள்.

சுப்பாத்தாள் குடிக்காத காபியை வாசலில் ஊற்றினாள். "நீ போகலீன்னா அவரு அங்க தனியா உக்காந்திருப்பாரு" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலையில், அப்பாவைப் புதைத்த தோட்டத்து மூலையில் மண்வெட்டிச் சத்தம் கேட்டது. இருவரும் வீட்டுக்குள்ளேயே இருந்தார்கள்.

உச்சி வேளைக்கு அவள் கோயிலுக்குப் போனபோது இருநூறு பேருக்குக் குறையாமல் கூடியிருந்தார்கள். வெயில் உச்சியில் நின்றது, யாருக்கும் ஒதுங்க நிழல் இல்லை. சன்னதிக்கு எதிரே, தகரப் பந்தலின் கீழ், அப்பாவின் மர நாற்காலி. அதில் வேட்டியில் கட்டிய மண். யாரோ கைப்பழக்கத்தில் கட்டியிருந்தாலும் அது உட்கார்ந்திருக்கிற ஆள் மாதிரியே இருந்தது. வயிறு சரிந்து, இடது தோள் கொஞ்சம் இறங்கி. அப்பாவுக்கு இடது தோள் இறங்கித்தான் இருக்கும். உச்சியில் கோயில் பரிவட்டத்தைச் சுற்றியிருந்தார்கள். வேட்டியின் அடியில் ஈரம் கசிந்து நாற்காலிக் கால் வழியாக இறங்கியது. எட்டு மாதமாக மழையே காணாத மண் மாதிரி வெடித்துக் கிடந்த தோட்டம் அது. ஈரம் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு விளங்கவில்லை.

நாற்காலியின் வலப்பக்கம் போய் நின்றாள். சிவப்பிரகாஷும் சோனாவும் கூட்டத்தின் ஓரத்தில் கைக்குழந்தையோடு நின்றார்கள். சோனா தலையைக் குனிந்துகொண்டிருந்தாள்.

அப்போது காற்று நின்றது. நவம்பரில் ஒரு நாழிகைகூட ஓயாத கணவாய்க் காற்று, குழாயை அடைத்த மாதிரி நின்றது. பனை ஓலைகள் அசையவில்லை. தொலைவில் வாளையார் ரோட்டில் லாரிகள் போகிற இரைச்சல் மட்டும் துல்லியமாகக் கேட்டது.

மோகனசுந்தரம் குரலை உயர்த்தினான். "காளிச்சாமி! வேத்து மதத்துப் பொண்ணை அம்மன் வாசப்படி ஏத்துனது நீதானே?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். ‘ஆமா’ என்று சொல்ல வாயைத் திறந்தாள். "ஆமா" என்றுதான் வந்தது.

"யாரைக் கேட்டு ஏத்துன?"

"ஆரையும் கேக்கல."

அதுவும் சரிதான். அடுத்த கேள்விக்குத்தான் அவன் கூட்டத்தையே கூட்டியிருந்தான்.

"ஆரையும் கேக்காமச் செய்யறதுக்கு, இந்தப் பதவியை உனக்கு ஆரு குடுத்தது?"

அம்மன் கொடுத்தது என்று ஊருக்கே தெரியும். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் காளிச்சாமியா, சிவப்பிரகாஷ் ‘அப்பாரு’ என்று கூப்பிடுகிற அவனுடைய தாத்தாவா என்று போட்டி வந்தபோது பூக்கேட்டார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டணம், சிவப்புப் பூ ஒரு பொட்டணம். சன்னதியில் வைத்து, குழந்தை ஒன்றை எடுக்கச் சொன்னார்கள். காளிச்சாமியின் வெள்ளைப் பூ வந்தது. "அம்மன் குடுத்தா" என்று அவள் சொல்ல வேண்டும். "குடுத்ததை எடுத்துக்கவும் அம்மனுக்குத் தெரியும்" என்று அவன் முடிக்க வேண்டும். அப்படித்தான் அவன் கணக்கு.

அவள் சொன்னது வேறு.

"டேய் மோகனா" என்றாள். குரல் அவளுடையதுதான். ஆனால் அதற்கு முன் இரண்டு தடவை தொண்டையைச் செருமினாள். அப்பா செருமுகிற மாதிரி. "ரெண்டு பொட்டணத்துலயும் வெள்ளைப் பூத்தாண்டா இருந்துச்சு. கட்டுனது உங்கப்பன். வெச்சது நானு. சிவப்பிரகாஷோட அப்பாருக்கு வரவேண்டியது இந்த நாக்காலி. அந்த மனுசன் அம்மன் கைவிட்டுட்டான்னு நெனச்சே செத்தான். அவன் பேரனுக்குத் தாலி எடுத்துக் குடுத்தனே, அதுதான் நான் பண்ணுன பரிகாரம். வேறென்ன கேக்கோணும், கேளு."

செல்வப்பிரியா தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். இப்படி ஒன்றை அவள் ஜென்மத்தில் கேள்விப்பட்டதில்லை. பொத்திய கைக்குள் நாக்கு இன்னும் எதையோ சொல்லத் துடித்தது. கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்த சுப்பாத்தாள் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள். அந்த முகத்தைப் பார்த்ததுமே செல்வப்பிரியாவுக்குத் தெரிந்துவிட்டது, சொன்னது அத்தனையும் உண்மை.

மோகனசுந்தரத்துக்கு வேர்த்து வழிந்தது. ஆனால் அவன் அரசியல்வாதி.

"இந்தாளு பண்ணுனது எதுவும் செல்லாதுன்னுதானே கூடியிருக்கறோம்?" என்று கத்தினான். "பண்ணுனது செல்லாதுன்னா சொன்னதும் செல்லாது! தீர்ப்பு ஆயிப்போச்சு. கல்யாணம் செல்லாது. கை அடையாளத்தைப் பேத்து எறியுங்க!"

கும்பாபிஷேகத்தின்போது கோபுர வாசல் தூணில் சிமென்ட் ஈரமாக இருக்கையில் காளிச்சாமி தன் வலது உள்ளங்கையைப் பதித்திருந்தார். கூட்டத்தில் இருந்த கொத்தனார் ஒருவர் அதில் உளியை வைத்து அடித்தார். முதல் அடியில் கட்டைவிரல் பெயர்ந்தது. பிறகு ஆள்காட்டி விரல். பிறகு நடுவிரல். நான்காவது அடியில் உளி இரண்டாக முறிந்து தெறித்தது. கொத்தனார் கையை உதறிக்கொண்டு, "இதுக்கு மேல நம்மால ஆகாதுங்க" என்று இறங்கிவிட்டார்.

தூணில் இரண்டு விரலோடு ஒரு கை நின்றது.

விரல் கதையை அவள் இந்த ஊரில் யாரிடமும் சொன்னதில்லை. மோகனசுந்தரத்திடம் அன்று சொல்ல வந்தபோதும் அவன் விடவில்லை. ‘இவர்களுக்கு யார் சொல்லித் தருகிறார்கள்?’ என்று நினைத்தாள். அடுத்து என்ன என்று இங்கே தெரிந்தவள் அவள் ஒருத்திதான். "ஆத்துல போடாதீங்கண்ணா" என்றாள்.

"நல்லதாப் போச்சு. எங்க போடறதுன்னுதான் ரோசனை பண்ணிட்டிருந்தேன்" என்றான் அவன்.

மண் மூட்டையை ஜீப்பில் ஏற்றினார்கள். ஜீப் கிளம்பி மேட்டைத் தாண்டியதும், நின்றிருந்த காற்று ஒரே மூச்சில் திரும்பி வந்தது. தகரப் பந்தல் நாலு காலோடு எழும்பி, வெற்று நாற்காலியின் மேல் கவிழ்ந்தது. ஆட்கள் சிதறி ஓடினார்கள். யாருக்கும் அடிபடவில்லை.

கோரையாற்றில் மூட்டையை எறிந்துவிட்டுக் கரையேறியபோது மோகனசுந்தரம் டிரைவரைக் கூப்பிட வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை.

கோயம்புத்தூரில் பெரிய ஆஸ்பத்திரியில் தொண்டைக்குள் கேமரா விட்டுப் பார்த்தார்கள். ஒரு கோளாறும் இல்லை என்றார்கள். ஓட்டுக் கேட்க மைக் பிடிக்க வேண்டிய நேரத்தில் அவன் சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் வைத்துக்கொண்டு அலைந்தான். சிவப்பிரகாஷ் வீடு வீடாகப் போய் வந்தான். பூப் பொட்டணக் கதை அவனுக்கு முன்னால் ஒவ்வொரு வீட்டுக்கும் போயிருந்தது.

எட்டாம் நாள் மூன்று மணிக்கு மோகனசுந்தரம் வந்தான். ஆள் பாதியாகியிருந்தான். நோட்டில் எழுதி நீட்டினான்: ‘ரோமாபுரியில் செத்த போப்பை உட்கார வைத்த ஆள் என்ன ஆனார்?’

செல்வப்பிரியா வகுப்பில் ஒன்பது வருடமாகக் கூசாமல் சொன்ன விஷயம். "ஜெயில்ல போட்டாங்கண்ணா. அங்க கழுத்தை நெரிச்சுக் கொன்னுட்டாங்க."

அவன் கை தானாகத் தொண்டைக்குப் போனது. ‘யார்?’ என்று எழுதினான்.

"ஆருன்னு எழுதி வெக்கல."

‘செத்தவர்?’

"ஆத்துல இருந்து எடுத்து, மரியாதையோட மறுபடி அடக்கம் பண்ணுனாங்க. பின்னால வந்தவங்க அந்த விசாரணையே செல்லாதுன்னு சொன்னாங்க."

அதற்குப் பிறகும் ஒருவர் வந்து, செல்லாதென்றது செல்லாது, முதல் தீர்ப்புதான் செல்லும் என்றார். அதை அவள் சொல்லவில்லை. அவன் முகத்தைப் பார்த்துவிட்டு எப்படிச் சொல்வது?

மறுநாள் கோயில் கதவில் மோகனசுந்தரம் கையெழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: விசாரணை ரத்து. அவன் தானே ஆற்றில் இறங்கி மூன்று நாள் தேடினான். வேட்டி தடுப்பணைக்கருகே முட்செடியில் சிக்கியிருந்தது. பத்து நாளுக்கு மேல் தண்ணீரில் கிடந்தும் மண் கரையாமல், கட்டியது கட்டியபடி இருந்தது என்று கூடப்போனவர்கள் சொன்னார்கள். தோளில் சுமந்து வந்து, தோட்டத்து மூலையில் பழைய குழியிலேயே வைத்து மூடினான். மண்ணைத் தள்ளி முடித்து நிமிர்ந்தவன் தொண்டையைச் செருமினான். இரண்டு தடவை.

"ம்ம், சரி சரி. எல்லாரும் ஊட்டுக்குப் போங்க" என்றான்.

சமையலறை ஜன்னலருகே நின்ற சுப்பாத்தாளின் கையிலிருந்து சொம்பு விழுந்தது.

அது காளிச்சாமியின் குரல். வெறும் சாயல் இல்லை, ஜாடை இல்லை; அதே கரகரப்பு, அதே இழுவை, வாக்கியத்தின் கடைசியில் அதே சின்ன இருமல். ஊர் முதலில் மிரண்டது. இரண்டு நாளில் பழகிவிட்டது. மூன்றாம் நாள் அதில் ஒரு நிம்மதி வந்தது. ஜீப்பின் மேல் கட்டிய மைக்கில், "அம்மன் சாட்சியாச் சொல்றேன், நான் குடுத்த வாக்கு குடுத்ததுதான். சிவப்பிரகாஷ் கல்யாணம் செல்லும்" என்று அந்தக் குரல் எலப்புள்ளி ரோடு முழுக்கப் போனபோது, வயதானவர்கள் கும்பிட்டார்கள். "பெரியவரே வந்து பேசறாரு" என்றார்கள். பூப் பொட்டணத்தைப் பற்றிப் பேச்சு நின்றுபோனது. அப்படி ஒன்று நடந்ததாகவே யாரும் காட்டிக்கொள்ளவில்லை.

ஒருநாள் அந்த ஜீப் கல்லூரி வாசல் வழியாகவும் போனது. செல்வப்பிரியா கரும்பலகையில் ஏதோ ஆண்டு எழுதிக்கொண்டிருந்தாள். சாக்பீஸ் நின்றது. "மிஸ், உடம்பு சரியில்லையா?" என்று ஜிதின் எழுந்து வந்தான். ஒன்றுமில்லை என்று தலையாட்டினாள். வாயைத் திறக்கவில்லை. கோயிலில் நின்ற அன்றிலிருந்து, பதில் சொல்வதற்கு முன் வாயைக் கொஞ்சம் மூடி வைத்துப் பார்ப்பது அவளுக்குப் பழக்கமாகிவிட்டிருந்தது.

மோகனசுந்தரம் ஜெயித்தான். நூற்றுப் பதினோரு ஓட்டு வித்தியாசம். சிவப்பிரகாஷ் அவளிடம், "இனி என்னங்கக்கா செய்யறது? எங்க அப்பாரைத் தோக்கடிச்ச ஆளுகிட்டயே நானும் தோத்துப்போனனுங்க" என்றான். கல்யாணம் செல்லும் என்ற பிறகும் சோனா அந்த ஊரில் இருக்க ஒப்பவில்லை. தை பிறப்பதற்குள் குழந்தையோடு அவளுடைய ஊரான அடிமாலிக்குப் போய்விட்டார்கள்.

மோகனசுந்தரம் பதவி ஏற்ற அன்று சாயங்காலம் நாலு மணிக்கு, கழுத்தில் மாலையும் தலையில் பரிவட்டமுமாக வந்து வாசலில் நின்றான்.

"சுப்பு, காபி வெச்சிருக்கியா?" என்று குரல் கேட்டது.

அம்மாவை அப்படிக் கூப்பிட்டவர் உலகத்தில் ஒருத்தர்தான். சுப்பாத்தாள் சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு அடுப்பைப் பற்ற வைத்தாள். அவள் பயந்த மாதிரித் தெரியவில்லை.

மோகனசுந்தரம் உள்ளே வந்து உட்கார்ந்தான். குரல் ஊர் நியாயம் பேசிக்கொண்டே இருந்தது. கோபுரத்துக்குப் பெயின்ட், எலப்புள்ளி ரோட்டுக்குத் தார். பேச்சுக்கும் அவன் கண்ணுக்கும் சம்பந்தமே இல்லை. கண் அவளையே பார்த்தது. வாய் பேசப் பேச, அவன் கை சட்டைப் பைக்குள் போய் நோட்டை எடுத்தது. குரல் மாறாததால் சுப்பாத்தாள் திரும்பிப் பார்க்கவில்லை. தடுமாறுகிற எழுத்தில் நாலே வார்த்தை எழுதி அவள் பக்கம் தள்ளினான்.

‘பேசறது நானில்லை அம்மிணி. காப்பாத்து.’

செல்வப்பிரியா அதைப் படித்தாள். என்ன சொன்னாலும் யார் காதில் விழும் என்று தெரியாததால், பென்சிலை அவன் விரலிலிருந்து வாங்கி, அடியில் ‘எப்படி?’ என்று எழுதினாள்.

அவன் தலையை அசைத்தான். தெரியவில்லை. அவன் கண்ணில் நீர் முட்டி நின்றது. வாய் அடுத்த வருடத் திருவிழாவுக்குத் தேதி குறித்துக்கொண்டிருந்தது.